எம்.எஸ்சி. அக்ரி முடிச்சுட்டு வெளிநாட்டுத் தன்னார்வப் பணி: எந்தத் துறை எடுக்கறது?

மொரப்பூர்_குச்சிக்கிழங்கு | ஞாயிறு, இரவு 9:12

எல்லாருக்கும் வணக்கம். பி.எஸ்சி. அக்ரி கடைசி வருஷம் படிக்கறேன். ஊரு மொரப்பூர் பக்கம். மூணு ஏக்கர் காடு. ரெண்டு ஏக்கர்ல குச்சிக்கிழங்கு (மரவள்ளி), மிச்சத்துல மாட்டுக்குக் கோ-4 புல்லும் வீட்டுக்குக் கொஞ்சம் ராகியும்.

ராவேக்கு, அதாவது கிராமத்துலயே தங்கி விவசாயம் பழகற பயிற்சிக்கு, போனப்ப ஒரு கிராமத்துல தங்கியிருந்தோம். கோலப்பொடியில தெருவெல்லாம் ஊர் வரைபடம் போட்டு, எந்தக் கிணறு எந்த வருஷம் வத்துச்சுன்னு கெழவிங்ககிட்ட கேட்டு எழுதினோம். அங்கிருந்து ஆரம்பிச்ச கிறுக்கு இது. எம்.எஸ்சி. முடிச்சதும் கிழக்கு ஆப்பிரிக்காவுல ஏதாவது ஒரு நாட்டுல ரெண்டு வருஷம் தன்னார்வலரா வேலை செய்யணும்.

அமெரிக்கப் பல்கலைக்கழகப் பக்கம் ஒண்ணுல, எம்.எஸ்சி.யையும் பீஸ் கோர்ங்கற அமெரிக்க அரசுத் தன்னார்வலர் அமைப்போட சேவையையும் சேர்த்தே முடிக்கற படிப்பு இருக்கறதா பார்த்தேன். நாம சேர முடியுமா? இல்லேன்னா இங்கயே படிக்கறதா இருந்தா உழவியலா, விரிவாக்கமா (ஆராய்ச்சியை விவசாயிகிட்ட கொண்டு போற துறை), பூச்சியியலா? வீட்ல சொன்னதுக்கு அப்பா கேட்டது: "கூலி இல்லாம அடுத்தவன் காட்டுல வேலை செய்யறதுக்கா உன்னைப் படிக்க வெச்சேன்?" பதில் சொல்லத் தெரியல.

ஒசூர்_கணக்குப்பிள்ளை | ஞாயிறு, இரவு 9:50

அந்தப் பக்கத்தை மூடிடுங்க. பீஸ் கோர்ல அமெரிக்கக் குடிமக்கள் மட்டும்தான் சேரலாம். அவங்க கணக்கு 27 மாசம்: 3 மாசம் பயிற்சி, 24 மாசம் சேவை. அதை எம்.எஸ்சி.யோட சேர்த்த திட்டம் 1987ல ஆரம்பிச்சு 2016ல முடிஞ்சு போச்சு. நீங்க பார்த்தது பழைய பக்கமா இருக்கும். ஜப்பான்காரங்க 1965லேர்ந்து அனுப்பற ஜைக்கா தன்னார்வலர் திட்டமும் அவங்க நாட்டு ஆளுங்களுக்குத்தான்.

நமக்குத் திறந்திருக்கற பெரிய கதவு ஐநா தன்னார்வலர் அமைப்பு. 1970ல தொடங்கினது, தலைமையகம் ஜெர்மனியில பான் நகரம். இளையோர் பிரிவு 18 முதல் 26 வயசு வரை. நிபுணர் பிரிவுக்கு 27 வயசு ஆகியிருக்கணும், குறைஞ்சது 3 வருஷ அனுபவமும் வேணும். கூலி கிடையாது, ஆனா மாசாமாசம் வாழ்க்கைப்படி உண்டு. அப்பாகிட்ட முதல்ல இதைச் சொல்லுங்க, பட்டினி போட மாட்டாங்க. 1958ல பிரிட்டன்ல தொடங்கின வி.எஸ்.ஓ.ங்கற தன்னார்வலர் அமைப்பும் இப்ப பல நாட்டு ஆளுங்களை எடுக்குது.

ஒண்ணு மட்டும் மனசுல வெச்சுக்கங்க. 2025 ஜூலையில அமெரிக்காவோட வெளிநாட்டு உதவி நிறுவனமான யு.எஸ்.எய்டையே மூடிட்டாங்க. அதை நம்பி ஓடின வேளாண் திட்டங்கள் பாதியில நின்னுச்சு. இந்தத் துறையில காசு எப்ப வரும் எப்ப நிக்கும்னு யாருக்கும் தெரியாது. திரும்பி வந்தா இங்க சோறு போடற படிப்பா எடுங்க.

தேன்கனிக்கோட்டை_ராகி | திங்கள், காலை 6:35

தங்கச்சி, நான் போய்ட்டு வந்தவன். கென்யாவோட மேற்குக் கோடியில, உகாண்டா எல்லையில இருக்கற புசியா பகுதியில ரெண்டு வருஷம். எம்.எஸ்சி. உழவியல் முடிச்சு, ஒசூர்ல மூணு வருஷம் வேலை பார்த்துட்டு 29 வயசுல போனேன்.

முதல் நாள் சாப்பாட்டுக்கு முன்னாடி என்னை உட்கார வெச்சு, செக்கச்செவேல்னு ஒரு உருண்டையைத் தட்டுல வெச்சாங்க. நம்ம களி! அங்க உகாலின்னு பேரு. பெரும்பாலும் மக்காச்சோளத்துல கிண்டுவாங்க, விருந்தாளின்னா ராகி கலப்பாங்க. கொஞ்சம் பிச்சு, உருட்டி, கட்டைவிரலால குழி அழுத்தி, அதுல கீரையை அள்ளி வாயில போடணும். கீரைக்குப் பேரு சுக்குமா விக்கி, அதாவது 'வாரத்தைத் தள்ளு'. சம்பளம் வர்ற வரைக்கும் இதை வெச்சு ஓட்டுன்னு அர்த்தம். எனக்குச் சிரிப்பு தாங்கல, எங்க வீட்ல புளிச்சாறுக்கு இதே வேலைதான்.

ராகியே அவங்க ஊர்ப் பயிர்தான். எத்தியோப்பியா, உகாண்டா மேட்டு நிலத்துலேர்ந்து ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி கடல் தாண்டி நம்மகிட்ட வந்தது. அங்க அதுக்கு விம்பின்னு பேரு. நான் அதைச் சொல்லிக் குடுக்கப் போனவன்!

நான் செஞ்ச முட்டாள்தனத்தையும் சொல்றேன். முதல் மாசம், நாத்து விட்டு நடற முறையைப் பத்தி 40 படத்தோட ஒரு உரை தயார் பண்ணிட்டுப் போனேன். ஒரு பாட்டி கடைசி வரைக்கும் கேட்டுட்டு, "களை எடுக்கறது யாரு?" அப்படின்னாங்க. அவ்வளவுதான், உரை முடிஞ்சுது. அங்க ராகியைக் கையால வீசி விதைக்கறாங்க. ராகி மாதிரியே தோகை விடற களை ஒண்ணு கூடவே முளைக்கும். இளசுல எது பயிர், எது களைன்னு பழகின கண்ணுக்கே குழப்பம். குனிஞ்சு குனிஞ்சு பிடுங்கறது அத்தனையும் பொம்பளைங்க.

அப்புறம்தான் எங்க காட்டு ஞாபகம் வந்துது. ராகிக்குள்ள அவரைக்கும் கடுகுக்கும் சால் விட்டு விதைப்போம் இல்ல? வரிசையா இருந்தா, வரிசைக்கு வெளிய நிக்கறதெல்லாம் களை. பார்த்தவுடனே பிடுங்கலாம். ஒரு தச்சர்கிட்ட பல்லு வெச்ச கட்டை ஒண்ணு செஞ்சு வாங்கி, இழுத்துக் கோடு போட்டு, கோட்டுல விதைச்சோம். எம்.எஸ்சி. படிப்பு எங்க உதவுச்சுன்னா, பக்கத்துலயே வீசி விதைச்ச பாத்தியையும் வெச்சு, களையெடுக்க எத்தனை ஆள் எத்தனை மணி நேரம்னு ஒரு பருவம் முழுக்க எழுதி வெச்சதுல. யோசனை எங்க அம்மாயி குடுத்தது, அதை நாலு பேர் நம்பற மாதிரி காட்டத் தெரிஞ்சது படிப்பு.

மலேரியா ரெண்டு தடவை வந்துச்சு. அதையும் சொல்லணும்.

மொரப்பூர்_குச்சிக்கிழங்கு | திங்கள், மதியம் 1:20

அண்ணா, அந்தப் பாட்டி கேள்வி இன்னும் மண்டையில ஓடுது. அப்ப விரிவாக்கத் துறை எடுத்தா இந்த மாதிரி முதல் மாசத் தப்பு வராதா? கிழங்கு எங்க பயிருங்கறதால பூச்சியியல் மேலயும் ஒரு கண்ணு. ஆனா அது ஆய்வகத்துக்குள்ள அடைச்சுடும்னு கூடப் படிக்கறவங்க சொல்றாங்க.

பையூர்_கொள்ளு | திங்கள், இரவு 8:05

பாப்பா, நான் ஓய்வு பெற்றவன். முப்பது வருஷம் மானாவாரிப் பயிர்களோடு கழிச்சேன். ஒரு கதை சொல்றேன், அதுக்கு அப்புறம் துறையைப் பத்திப் பேசலாம்.

நீ பிளஸ் ஒன், பிளஸ் டூ படிச்ச காலத்துல உங்க அப்பா கிழங்குக் காட்டுல கொழுந்து சுருண்டு, முடிச்சு முடிச்சா கட்டை விழுந்திருக்கும். கேட்டுப் பார். அது மரவள்ளி மாவுப்பூச்சி. 2020ல திருச்சூர்ல முதலில் தென்பட்டு, கொஞ்ச நாளில் சேலம், நாமக்கல், தர்மபுரி என்று சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளுக்குக் கிழங்கு போகிற காடெல்லாம் பரவிச்சு. மருந்து அடிச்சு அடிச்சு அலுத்தாங்க.

இந்தப் பூச்சியின் பூர்வீகம் தென் அமெரிக்கா. 1970களில் ஆப்பிரிக்காவுக்குள் நுழைஞ்சு, மரவள்ளியையே நம்பி உயிர் வாழும் கோடிக்கணக்கான ஜனங்களின் சோத்துல மண்ணைப் போட்டது. நைஜீரியாவின் இபாடானில் இருந்த பன்னாட்டு வெப்பமண்டல வேளாண் நிறுவனத்தில் ஹான்ஸ் ஹெரன் என்கிற சுவிஸ் பூச்சியியலாளர் தலைமையில் எதிரியைத் தேடினாங்க. 1981ல பராகுவே நாட்டில் கிடைச்சது ஒரு குட்டிக் குளவி, அனாகைரஸ் லோபசி. கொசுவை விடச் சின்னது. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டை வைக்கும். குஞ்சு உள்ளேயே தின்னு வளர்ந்து, ஓட்டைத் துளைச்சு வெளிய வரும். அதைப் பெருக்கி ஆப்பிரிக்கா முழுக்க விட்டாங்க. ஹெரனுக்கு 1995ல உலக உணவுப் பரிசு கிடைச்சது.

நம்ம காட்டுக்கு அது எப்படி வந்தது? அதே நிறுவனத்தின் பெனின் நாட்டு நிலையத்திலிருந்து 2021ல பெங்களூரில் உள்ள வேளாண் பூச்சி வள ஆய்வகம் தருவிச்சு, தனிமைப்படுத்திச் சோதிச்சு, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் விட்டாங்க. நீ ஆப்பிரிக்காவுக்கு உதவப் போறேன்னு நெனைக்கற. உங்க அப்பன் காட்டுக்கு ஆப்பிரிக்கா ஏற்கனவே உதவிடுச்சு.

அதனால் பூச்சியியல் ஆய்வகத்துக்குள்ள அடைக்கும்னு சொல்றவங்களுக்குப் பூச்சி தெரியாது. குளவியைப் பெட்டியில் வளர்க்கிறது பாதி வேலை. அதைக் காட்டில் விட்ட பிறகு பக்கத்து வயல்காரன் மருந்து அடிக்காமல் பார்த்துக்கிறதுதான் மீதி.

துறை எதுவானாலும் பயிரை முதலில் பிடி. பயிர் தெரியாத விரிவாக்கம் வெறும் மைக் செட்டு.

நல்லம்பள்ளி_நாத்து | திங்கள், இரவு 9:30

ஐயா சொல்றதுல கடைசி வரி மட்டும் ஒத்துக்க முடியல. நான் விரிவாக்கத்துல எம்.எஸ்சி. பயிர் தெரிஞ்சவங்க எத்தனை பேர் விவசாயிகிட்ட பேசத் தெரியாம, சிபாரிசு அட்டையை நீட்டிட்டுத் திரும்பி வந்திருக்காங்க? ராகி அண்ணனோட 40 படம் எந்தத் துறைக்காரர் தயாரிச்சது? உழவியல்தானே! எந்த வீட்டுல முடிவு எடுக்கறது யாரு, களை எடுக்கறது யாரு, கடன் யார் பேர்ல இருக்குன்னு கேட்டுத் தெரிஞ்சுக்க ஒரு முறை இருக்கு. அதை ரெண்டு வருஷம் உட்கார்ந்து படிக்கறதும் படிப்புதான்.

பையூர்_கொள்ளு | திங்கள், இரவு 9:48

மைக் செட்டு வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கறேன். கருத்தை வாங்கல.

தேன்கனிக்கோட்டை_ராகி | திங்கள், இரவு 10:10

ரெண்டு பேருக்கும் நடுவுல நான் பார்த்த ஒண்ணு. மேற்கு கென்யாவுல மக்காச்சோளத்துக்கு ரெண்டு சனியன்: தண்டுதுளைப்பான், இன்னொண்ணு சுடுமல்லி. நம்மூர்ல சுடுமல்லி கரும்புலயும் சோளத்துலயும் எட்டிப் பார்க்கும், அங்க காட்டையே விழுங்கும். பயிரோட வேரைக் கவ்வி உறிஞ்சற களை அது.

நைரோபியில இருக்கற ஐசிப் பூச்சியியல் மையம் இதுக்கு ஒரு முறை கண்டுபிடிச்சிருக்கு. பேரு தள்ளு-இழு. மக்காச்சோள வரிசைக்கு நடுவுல டெஸ்மோடியம்னு ஒரு பயறு வகைத் தீவனம். அதோட வாசனை அந்துப்பூச்சியைத் தள்ளும். அதோட வேர்க்கசிவு சுடுமல்லியை முளைக்க வெச்சே கெடுத்துடும். வயலைச் சுத்தி நேப்பியர் புல்லு. அந்துப்பூச்சியை அது இழுத்துக்கும், ஆனா அதுல புழு பொழைக்காது. உங்க வீட்டுக் கோ-4 இருக்கே, அது இந்த நேப்பியரும் கம்பும் சேர்ந்த ஒட்டுதான்!

விவசாயி இதை ஏன் ஏத்துக்கிட்டான் தெரியுமா? பூச்சிக்காக மட்டும் இல்ல, பசுவுக்காக. நடுவுலயும் ஓரத்துலயும் விளையறது மொத்தமும் மாட்டுத் தீவனம். பூச்சியியல்காரர் கண்டுபிடிச்சதை மாடு பரப்புச்சு. இதுல துறையை எங்க பிரிப்பீங்க?

அரூர்_அத்தை | செவ்வாய், காலை 10:25

எல்லாரும் பயிரைப் பேசறீங்க, பொண்ணைப் பத்தி யாரும் பேசல. கண்ணு, இப்ப உனக்கு 21 இருக்குமா? எம்.எஸ்சி. முடிக்க 23. நிபுணர் பிரிவுக்கு 27. நடுவுல இருக்கற நாலு வருஷத்துல வீட்ல என்ன பேச்சு நடக்கும்னு எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். இளையோர் பிரிவு 26 வரைக்கும்னா அதுக்கு முன்னாடியே விண்ணப்பிக்கற வழியைப் பாரு. இல்லேன்னா அந்த நாலு வருஷத்துக்குக் கையில ஒரு வேலை இருக்கட்டும். வேலையில இருக்கற பொண்ணுகிட்ட கல்யாணப் பேச்சு கொஞ்சம் மரியாதையா வரும்.

இன்னொண்ணு. எங்க மலைப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு வருஷா வருஷம் வெளிநாட்டுப் பிள்ளைங்க தன்னார்வம்னு வரும். ரெண்டு வாரம். முதல் வாரம் வயித்துப்போக்கு, ரெண்டாம் வாரம் போட்டோ. சாமைக் காட்டுல நின்னு எடுத்த படத்துல எங்க பெரியம்மா பின்னாடி மங்கலா நிப்பாங்க. அவங்க பேரு என்னன்னு ஒருத்தரும் கேட்டதில்ல. நீ போற ஊர்ல அந்த ரெண்டு வாரப் பிள்ளையா ஆயிடாதே.

அதே அரூர் மலையில சித்தேரிப் பக்கத்துச் சிட்டிலிங்கியையும் போய்ப் பாரு. 1990கள்ல ரெண்டு டாக்டருங்க, ரெஜியும் லலிதாவும், ஆஸ்பத்திரி வைக்க வந்தவங்க அங்கயே தங்கிட்டாங்க. ஜனங்க உடம்பைப் பார்க்க வந்த இடத்துல நிலம், சிறுதானியம், இயற்கை விவசாயிகள் சங்கம்னு வேலை விரிஞ்சுது. பாஸ்போர்ட் வாங்கறதுக்கு முன்னாடி பஸ் டிக்கெட் வாங்கு.

மேலாளர் | செவ்வாய், மதியம் 12:02

இந்த இடத்தில் இருந்த, '2 வாரத் தன்னார்வப் பயணம், சான்றிதழ் உறுதி' என்ற விளம்பரப் பதிவு நீக்கப்பட்டது.

கெலமங்கலம்_கனகாம்பரம் | செவ்வாய், மதியம் 12:40

நல்ல வேளை நீக்கினீங்க. எனக்கு நடந்தது இது. ஒரு ஏஜென்சி, தான்சானியாவுல மண்வளத் திட்டம்னு சொல்லி, பதிவுக் கட்டணம், 'நோக்கக் கடிதம்' எழுதிக் குடுக்கக் கட்டணம், அங்க தங்க முன்பணம்னு மூணு தவணையா வாங்கினாங்க. விசாவுக்கு நாள் நெருங்கறப்ப போன் எடுக்கல. எங்க அண்ணன் நகையை அடகு வெச்ச காசு. தெரிஞ்சுக்கங்க: ஐநா தன்னார்வலர் அமைப்பு எந்தக் கட்டத்துலயும் பணம் கேக்காது. அவங்க இணையதளத்துல நாமே பதிவு பண்ணி விண்ணப்பிக்கணும். நடுவுல ஆள் வந்தாலே சந்தேகப்படுங்க.

காரிமங்கலம்_ஆலம்பாடி | செவ்வாய், மாலை 4:15

கால்நடை மருத்துவம் படிக்கறவங்களுக்கும் இதே வழிதானா? எங்க ஆலம்பாடி மாட்டை நெனச்சா, ஆப்பிரிக்கா மாடுங்களைப் பத்தித் தெரிஞ்சுக்கணும்னு ஆசை.

ஒசூர்_கணக்குப்பிள்ளை | செவ்வாய், மாலை 6:00

அதே வழிதான். பன்னாட்டுக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் நைரோபியிலதான் இருக்கு, தனி இழை போடுங்க.

மொரப்பூர் பாப்பா கேட்ட படிப்பு விஷயம் தொங்குது, அதை முடிக்கலாம். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தோட (ஐசிஏஆர்) முதுநிலை நுழைவுத் தேர்வை எழுதுங்க. தேறினா கோவை வேளாண் பல்கலைக்கழகத்தோட நிக்க வேண்டாம், தில்லியில பூசா வேளாண் ஆராய்ச்சி நிலையமும் பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகமும் திறக்கும். வெளிமாநிலம் போய்ப் படிக்கறவங்களுக்குத் தேசியத் திறன் உதவித்தொகைன்னு ஒண்ணு இருக்கு. வெளிநாட்டுல முதுநிலை வேணும்னா ஜெர்மனியோட கல்வி உதவி அமைப்பான டி.ஏ.ஏ.டி.யில வளர்ச்சிசார் படிப்புகளுக்குத் தனி உதவித்தொகை. ஆனா 2 வருஷம் வேலை பார்த்திருக்கணும், பட்டம் வாங்கி 6 வருஷம் தாண்டியிருக்கக் கூடாது. பான் பல்கலைக்கழகத்துலயே வெப்பமண்டல வேளாண்மைக்கு ஒரு எம்.எஸ்சி. இருக்கு. ஐநா இளையோர் பிரிவை விட்டா, வெளிநாட்டுக்கு எந்த வழியா போனாலும் அந்த ரெண்டு மூணு வருஷ வேலையைத் தாண்டிக் குதிக்க முடியாது.

தேன்கனிக்கோட்டை_ராகி | செவ்வாய், இரவு 7:30

பெங்களூருன்னு சொன்னதும் ஒண்ணு. சிறுதானியத்துக்கான அகில இந்திய ஒருங்கிணைந்த திட்டத்தோட தலைமையிடம் ரொம்ப காலம் அந்த ஊர் வேளாண் பல்கலைக்கழகத்தோட ஜி.கே.வி.கே. வளாகத்துலதான் இருந்துச்சு. கர்நாடகத்துல லட்சுமணய்யான்னு ஒரு விஞ்ஞானி இருந்தார். நம்ம ராகியையும் ஆப்பிரிக்க ராகியையும் ஒட்டுச் சேர்த்து இண்டாஃப் ரகங்களை எடுத்தவர். இந்தியாவும் ஆப்பிரிக்காவும் சேர்ந்ததுதான் அந்தப் பேரு. ஜனங்க அவரை 'ராகி லட்சுமணய்யா'ன்னே கூப்பிட்டாங்க. பயிர்ப் பெருக்கம்னு ஒரு துறை இருக்கறதை இந்த இழையில யாரும் சொல்லலியேன்னு சொல்றேன்.

சின்ன விஷயம், ஆனா விமானத்தைத் தவற விட வைக்கும்: மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. கிண்டி கிங் நிலையத்துல போடுவாங்க. கிளம்பறதுக்குக் குறைஞ்சது 10 நாள் முன்னாடி போட்டிருக்கணும். ஒரு தடவை போட்டா ஆயுசுக்கும் சான்றிதழ் செல்லும், அட்டையைத் தொலைச்சுடாதே. மொழியைப் பத்திக் கவலைப்படாதே. எங்க ஊர்ல சந்தைக்குப் போனாலே தமிழ், தெலுங்கு, கன்னடம், உருதுன்னு நாலு காதுல விழும். அந்தப் பழக்கம் இருந்தா சுவாஹிலி ஆறு மாசத்துல நாக்குல உட்காரும்.

மொரப்பூர்_குச்சிக்கிழங்கு | புதன், இரவு 8:40

நேத்து ராத்திரி அப்பாகிட்ட குளவிக் கதையைச் சொன்னேன். மாவுப்பூச்சி வந்த வருஷம் அவருக்கு நல்லா ஞாபகம் இருக்கு, வட்டிக்கு வாங்கி மருந்து அடிச்ச வருஷம். பெனின்லேர்ந்து குளவி வந்துச்சுன்னதும் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "அந்தக் குளவிக்கு யாரு கூலி குடுத்தா?" அப்படின்னார். கிண்டலா, நெசமாவே கேட்டாரான்னு எனக்குத் தெரியல. "பரீட்சையை எழுது, அப்புறம் பார்க்கலாம்" அப்படின்னு எழுந்து போய் மாட்டுக்குப் புல்லு வெட்ட ஆரம்பிச்சுட்டார். வேண்டாம்னு மட்டும் சொல்லல.

பூச்சியியல்தான் எழுதப் போறேன். நல்லம்பள்ளி அக்கா கோவிச்சுக்காதீங்க, உங்க கேள்விங்க எல்லாத்தையும் நோட்டுல எழுதி வெச்சுக்கிட்டேன். அத்தை, சிட்டிலிங்கிக்குப் பொங்கல் லீவுல போறேன். கொள்ளு ஐயா, சனிக்கிழமை பையூர் வந்தா உங்களைப் பார்க்க முடியுமா? எங்க காட்டு ஓரத்துல இப்பவும் ரெண்டு செடி கொழுந்து சுருண்டு நிக்குது. ஒடிச்சு எடுத்துட்டு வரட்டுமா?

பையூர்_கொள்ளு | புதன், இரவு 9:05

வா, காவேரிப்பட்டணத்தில் இறங்கிப் போன் பண்ணு. செடியை எடுத்துட்டு வராதே! இந்தப் பூச்சியை ஊர் ஊராகப் பரப்பினதில் பெரும் பங்கு நாம வண்டி ஏத்தின விதைக்கரணைக்குத்தான், அதாவது நடுவதற்கு வெட்டின குச்சிக்கு. இருக்கிற இடத்திலேயே லென்ஸ் வைத்துப் பார். மாவுப்பூச்சி உப்பி, பழுப்பாகி, அசையாமல் கிடந்தால் குளவி உள்ளே இருக்கு. எண்ணி எழுதிக்கோ, படம் எடுத்துக்கோ. அப்பாவை அந்தப் பக்கம் மருந்து டப்பாவோட போக விடாதே.